ஆள் தொகுத்த பிளேலிஸ்ட் வழியே புதுப் பாட்டுகளைத் தேடுவது எப்படி? முழு வழிகாட்டி

'சுப்ரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' பாட்டை ஒரு செயலியில் போட்டுவிட்டு, அது முடிந்ததும் என்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த 2008-ஐ ஒட்டி வந்த காதல் மெலடிகளே வரிசையாக வரும். கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் முக்கால்வாசிப் பாட்டுகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

கர்நாடக இசைப் பழக்கம் உள்ள ஒருவரிடம் அதே பாட்டைக் கொடுத்து "இதிலிருந்து ஒரு பட்டியல் போடுங்கள்" என்று கேட்டால் அவர் வேறு பக்கம் திரும்புவார். இந்தப் பாட்டின் அடியில் இருப்பது ரீதிகௌளை ராகம். எனவே அடுத்து 1999-இல் வந்த 'முதல்வன்' படத்தின் 'அழகான ராட்சசியே'. அதற்கடுத்து 1983-இல் வந்த 'ஒரு ஓடை நதியாகிறது' படத்தின் 'தலையைக் குனியும் தாமரையே'. அப்புறம் 1977-இன் 'கவிக்குயில்', அதில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. அங்கிருந்து சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா', தியாகராஜரின் 'த்வைதமு சுகமா'. ஆறே பாட்டில் சினிமாவிலிருந்து கச்சேரி மேடைக்கு வந்துவிட்டீர்கள். கடைசி இரண்டையும் முன்பின் கேட்டிராவிட்டாலும் அவை அந்நியமாக ஒலிக்காது, ஏனென்றால் முதல் நான்கும் காதைத் தயார் செய்து வைத்திருக்கும்.

ஆள் தொகுத்த பட்டியலின் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு பாட்டும் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால், பட்டியல் முடிந்த பிறகும் நாமாகவே மேலே நடக்கலாம். அப்படிப்பட்ட பட்டியல்களை எங்கே தேடுவது, எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கேட்பது, கடைசியில் நாமே எப்படி ஒன்றைத் தொகுப்பது என்பதையெல்லாம் படிப்படியாகப் பார்ப்போம். உதாரணங்களைப் பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுகளிலிருந்தே எடுத்திருக்கிறேன். முறை எந்த இசைக்கும் பொருந்தும்.

படி 1: செயலி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை 2015 ஜூலையில் 'டிஸ்கவர் வீக்லி' என்ற வாராந்தரப் பட்டியலைக் கொண்டுவந்தது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 30 பாட்டுகள். இதுபோன்ற பரிந்துரைகளுக்கு அடிப்படை சுலபமானது: உங்களைப் போலக் கேட்பவர்கள் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, அதில் நீங்கள் கேட்காததை எடுத்து நீட்டுவது. ஒலியின் வேகம், தன்மை போன்றவற்றையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனாலும் பெரிய பங்கு கூட்டத்தின் பழக்கத்துக்குத்தான்.

கூட்டத்தை நம்பும் முறைக்கு ஒரு விளைவு உண்டு. ஏற்கெனவே அதிகம் கேட்கப்படும் பாட்டுக்கே மேலும் வாய்ப்பு கிடைக்கும். வி. குமார், டி.ஆர். பாப்பா, ஷ்யாம், எம்.பி. ஸ்ரீனிவாசன், எல். வைத்தியநாதன் போன்ற இசையமைப்பாளர்களின் நல்ல பாட்டுகள் அங்கேதான் கிடக்கும், ஆனால் தானாக உங்கள் முன் வருவது அபூர்வம். சினிமாப் பாட்டு கேட்பவர்களும் கீர்த்தனை கேட்பவர்களும் பெருமளவு தனித்தனிக் கூட்டங்களாக இருப்பதால், மேலே சொன்ன ரீதிகௌளைப் பாதையும் செயலிக்கு எளிதில் தட்டுப்படாது.

தமிழ்ப் பாட்டுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் இருக்கிறது: தகவல். ஒரே இசையமைப்பாளரின் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகப் பதிவாகியிருக்கும். 1960-களின் பாட்டுக்கு மறுவெளியீடு செய்த ஆண்டைப் போட்டிருப்பார்கள். பாடலாசிரியர் பெயர் பல இடங்களில் இருக்காது. புல்லாங்குழல் வாசித்தவர், வயலின் வாசித்தவர் பெயரெல்லாம் பழைய படங்களுக்கு அநேகமாகக் கிடையாது. இந்தத் தகவல் எல்லாம் இன்றும் மனிதர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. தமிழில் ஆள் தொகுத்த பட்டியலுக்கு மற்ற பல மொழிகளைவிடக் கூடுதல் அவசியம் இருப்பதாக நான் நினைப்பது இதனால்தான்.

பணமும் நடுவில் வருகிறது. 2020-இல் ஸ்பாட்டிஃபை 'டிஸ்கவரி மோட்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் சேரும் நிறுவனமோ கலைஞரோ குறைந்த ராயல்டிக்கு ஒப்புக்கொண்டால், அந்தப் பாட்டு ரேடியோ (ஒரு பாட்டை ஒட்டிச் செயலியே கோக்கும் வரிசை), ஆட்டோபிளே (பட்டியல் முடிந்ததும் தானாக ஓடும் பாட்டுகள்) போன்ற இடங்களில் வரும் வாய்ப்பு கூடும். ஆகவே தானாக வந்து விழும் அடுத்த பாட்டு முழுக்க உங்கள் ரசனையை மட்டும் பார்த்து வந்ததென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: நல்ல தொகுப்பாளர் என்றால் யார் என்று மனதில் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்

நமக்கு இது புதிதே இல்லை. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளைக் கடுமையாகக் குறைத்தார். நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்தப் போட்டி ஒரு முக்கியக் காரணம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கடலின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்கள் பாட்டை மட்டும் போடவில்லை. படம் எது, பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்கள். கேட்டவர்கள் அந்தப் பெயர்களை வைத்துத்தான் அடுத்த பாட்டைத் தேடினார்கள்.

பிறகு கேசட் காலம். வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் கொடுத்தால் பதிந்து தரும் கடை ஊருக்கு ஊர் இருந்தது. 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் அடங்கும், எதை விடுவது என்பதே பெரிய யோசனையாக இருக்கும். பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சினால், கடைக்காரர் உங்கள் பட்டியலைப் பார்த்து "இவருக்கு இதுவும் பிடிக்கும்" என்று தன் கணக்கில் ஒன்றைச் சேர்ப்பதும் உண்டு. உங்கள் ரசனையை அறிந்த ஒருவர் வைத்த பந்தயம் அது. தனியார் பேருந்துகளில் ஓட்டுநர் வைத்திருக்கும் பென்டிரைவும், கோயில் கொடையில் மைக்செட்காரர் விடியற்காலையில் போடும் வரிசையும் அந்த மரபில் வந்தவையே. அவர்களிடம் பேசிப் பாருங்கள், எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் தெளிவான கருத்து வைத்திருப்பார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பிபிசி ரேடியோ 1-இன் ஜான் பீல். 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை அங்கே நிகழ்ச்சி நடத்தினார். யாருக்கும் தெரியாத குழுக்களின் இசையை, விற்குமா விற்காதா என்று பார்க்காமல், தனக்குப் பிடித்தால் ஒலிபரப்பினார். நேயர்களுக்கு எல்லாமே பிடித்திருக்காது. ஆனால் அவர் ஒன்றைப் போடுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மூன்று விஷயங்கள்: நிறையக் கேட்டிருக்கிறார்கள், ஏன் பிடிக்கிறது என்று சொல்ல முடிகிறது, உங்களுக்குத் தெரியாத ஒன்றை முன்வைக்கும் துணிவு இருக்கிறது. பட்டியல் தேடும்போது பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

படி 3: தேடும் சொல்லைக் குறுக்குங்கள்

'இளையராஜா ஹிட்ஸ்', 'சோகப் பாடல்கள்', '90ஸ் மெலடி' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இருக்காது. அதே பாட்டுகள், வரிசை மட்டும் மாறியிருக்கும். குறுகலான சொல்லைப் போட்டால்தான் அக்கறையுள்ள ஆட்கள் அகப்படுவார்கள்.

ராகத்தின் பெயரைப் போட்டுத் தேடுவது தமிழில் மிக நல்ல தொடக்கம், ராகவாரியாகச் சினிமாப் பாட்டுகளைத் தொகுப்பது நம்மவர்களுக்குப் பெரிய ஈடுபாடு. வாத்தியத்தின் பெயரைப் போடலாம்: ஷெனாய், வீணை, பேஸ் கிட்டார். அதிகம் பேசப்படாத பாடகர் பெயரைப் போடலாம், ஜென்சி மாதிரி. பாடகரையும் வேறு மொழியையும் சேர்த்துப் போடுவது இன்னும் நல்லது. 'பி.பி. ஸ்ரீனிவாஸ் கன்னடம்' என்று தேடுங்கள், ராஜ்குமாருக்காக அவர் பாடிய ஒரு பெரிய உலகமே திறக்கும். பெயரைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று, தலைகீழாகத் தேடுவது. உங்களுக்கு உயிரான, ஆனால் ஊருக்கு அதிகம் தெரியாத ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை யூடியூபில் போட்டு, வடிகட்டியில் 'பிளேலிஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பாட்டை யார் யார் தங்கள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஸ்பாட்டிஃபையில் கலைஞரின் பக்கத்தில் கீழே போனால் 'டிஸ்கவர்டு ஆன்' என்ற பகுதியில் அவருடைய பாட்டுகள் இடம்பெற்ற பட்டியல்கள் சில இருக்கும். அபூர்வமான ஒரு பாட்டில் இருவர் ஒத்துப்போனால், மற்றவற்றிலும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். புகழ்பெற்ற பாட்டை வைத்து இப்படித் தேடினால் பயனில்லை, அது எல்லோரிடமும் இருக்கும்.

வானொலியையும் விட்டுவிடாதீர்கள். பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் விவித் பாரதியும் தமிழ் நிலையங்களும் கிடைக்கின்றன. 'ரேடியோ கார்டன்' என்ற தளத்தில் உலக உருண்டையைச் சுழற்றி எந்த ஊர் நிலையத்தையும் கேட்கலாம். பிரான்ஸின் 'ஃபிப்' 1971 முதல் ஜாஸ், பாப், கிளாசிக்கல், ஆப்பிரிக்க இசை எல்லாவற்றையும் ஆட்களை வைத்துக் கோத்து ஒலிபரப்புகிறது. லண்டனில் 2011-இல் தொடங்கிய 'என்டிஎஸ்' இணைய வானொலியில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு தனி மனிதரின் தேடல். பழைய நிகழ்ச்சிகளைப் பாட்டு விவரங்களோடு சேமித்தும் வைத்திருக்கிறார்கள்.

படி 4: பட்டியல் உண்மையிலேயே தொகுக்கப்பட்டதா என்று பாருங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். 500 பாட்டுகள் இருந்தால் அது கிடங்கு, யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 15-லிருந்து 40 பாட்டுகளுக்குள் இருந்தால் மேலே பாருங்கள். தலைப்பு ஒரு எண்ணத்தைச் சொல்கிறதா? கீழே இரண்டு வரியாவது எழுதியிருக்கிறாரா? எல்லாப் பாட்டும் ஒரே நிறுவனத்துடையதா? அப்படியானால் அது விளம்பரமாக இருக்கலாம். யாரென்றே தெரியாத பத்துப் பெயர்கள் ஒரு பெரிய ஹிட்டுக்கு நடுவே சொருகப்பட்டிருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். பணம் வாங்கிக்கொண்டு பாட்டுகளைச் சேர்க்கும் பட்டியல்கள் நிறைய உண்டு.

கடைசியாக, அதே ஆளின் மற்ற பட்டியல்களைத் திறந்து பாருங்கள். ஒருவர் நாகஸ்வரத்துக்கு ஒரு பட்டியலும், எழுபதுகளின் மலையாளப் பாட்டுக்கு ஒன்றும், மழை நாளுக்கு ஒன்றும் வைத்திருந்தால் உடனே பின்தொடருங்கள். இப்படி மூன்று நான்கு பேர் போதும், ஆனால் ஒருவருக்கொருவர் ரசனை வேறாக இருக்க வேண்டும். ஒரே ஒருவரை மட்டும் பின்தொடர்ந்தால் கொஞ்ச நாளில் அவருடைய எல்லையே உங்கள் எல்லையாகிவிடும்.

படி 5: கேட்கும் முறை

வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். வரிசையும் தொகுப்பின் ஒரு பகுதிதான். ஸ்பாட்டிஃபையில் 'ஸ்மார்ட் ஷஃபிள்' என்று ஒன்று இருக்கிறது. அது தொகுத்தவர் வைக்காத பாட்டுகளை இடையில் நுழைக்கும், கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஆட்டோபிளேயையும் நிறுத்தினால் பட்டியல் எங்கே முடிகிறது என்று தெரியும். முற்றிலும் புதிய வகை இசையைச் சோதிக்கும்போது 'பிரைவேட் செஷன்' (கேட்டதைக் கணக்கில் சேர்க்காத வசதி) போட்டுக்கொண்டால் உங்கள் வழக்கமான பரிந்துரைகள் குழம்பாது.

பாதியில் தாண்டாதீர்கள். சில பாட்டுகளில் முன்னிசையே அரை நிமிடம் ஓடும், அதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடும். தமிழ்ச் சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை இரண்டாவது இடையிசை முடியும்வரையாவது பொறுங்கள் என்பேன். முதல் இடையிசையும் இரண்டாவதும் முற்றிலும் வேறாக இருப்பது நம் இசையமைப்பாளர்களின் பெரிய அழகு. ஒரு பாட்டின் ரகசியமே பல சமயம் அந்த இரண்டாவதில்தான் ஒளிந்திருக்கும். கீர்த்தனையானால் இன்னும் பொறுமை வேண்டும், அனுபல்லவி (பல்லவிக்கு அடுத்த பகுதி) வரும்வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

முதல் முறை கேட்கும்போது வேறு வேலை செய்துகொண்டே கேட்கலாம், தப்பில்லை. எந்த இடத்தில் உங்கள் கை தானாக நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை காதில் ஹெட்போன் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். பிடிக்காத பாட்டு வந்தால் "இவர் ஏன் இதை இங்கே வைத்தார்?" என்று யோசிப்பது நல்ல பயிற்சி. முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளில் பதில் இருக்கும்: அதே தாளமாக இருக்கலாம், அதே கிட்டார்க்காரராக இருக்கலாம்.

படி 6: நூலைப் பிடித்து மேலே போங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒரு நோட்டுப் புத்தகமோ போனில் ஒரு குறிப்போ வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாட்டு ஒவ்வொன்றுக்கும் படம், ஆண்டு, இசை, வரிகள், குரல், முடிந்தால் வாத்தியக்காரர், அப்புறம் எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி. 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் நாளை உதவாது. 'சரணத்துக்கு முன்னால் வரும் வயலின்' என்று எழுதினால் அதைப் பிடித்துத் தேடலாம்.

எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு முழு உதாரணம். யாரோ தொகுத்த பாரதியார் பாட்டுப் பட்டியலில் 1982-இல் வந்த 'ஏழாவது மனிதன்' படப் பாட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். இசை எல். வைத்தியநாதன். அவர் பெயரைப் பிடித்தால், வயலின் கலைஞர்கள் எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் அவருடைய தம்பிகள் என்று தெரியவரும். எல். சங்கரைப் பிடித்துப் போனால் 'சக்தி' குழு: கிட்டார் ஜான் மெக்லாக்லின், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், வயலின் சங்கர். அவர்களின் முதல் ஆல்பம் 1976-இல் வந்தது. கடமும் கிட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும் அந்த வேகத்தை முதல்முறை கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

அங்கே நிற்க வேண்டாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே குழு புதிய ஆட்களோடு கூடியது. சங்கர் மகாதேவன் பாடினார், வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன், தாளத்துக்கு விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வந்தார்கள். அவர்களின் ஆல்பம் 2024-இல் கிராமி விருது பெற்றது. செல்வகணேஷைப் பிடித்தால் மறுபடியும் தமிழ்ச் சினிமாவுக்கே வந்துவிடுவீர்கள்: 2009-இல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு' அவர் இசையமைத்த படம். ஒரே ஒரு பாரதியார் பாட்டிலிருந்து இவ்வளவு தூரம்.

இன்னும் சில நூல்கள், நீங்களே இழுத்துப் பார்க்க. இளையராஜா தனியாகப் படங்களுக்கு இசையமைக்க வருமுன் இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். வெங்கடேஷின் கன்னடப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு இளையராஜாவின் தொடக்ககாலப் படங்களுக்கு வாருங்கள். இளையராஜாவின் இசைக்குழுவில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் தானே படங்களுக்கு இசையமைத்திருக்கிறார், 1984-இல் வந்த 'அச்சமில்லை அச்சமில்லை' அவற்றில் ஒன்று. அதைப் பலர் இன்றும் இளையராஜா இசை என்றே நினைத்துக் கேட்கிறார்கள். எம்.பி. ஸ்ரீனிவாசன் சென்னையில் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர், தமிழிலும் மலையாளத்திலும் படங்களுக்கு இசை தந்தவர். அவரிடமிருந்து சேர்ந்திசை என்ற தனிப் பாதையில் போகலாம்.

படி 7: எல்லை தாண்டுங்கள்

இலங்கையின் தமிழ் பொப் இசை தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்கு ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்ற ஒரே ஒரு பாட்டோடு நின்றுவிடுகிறது. ஏ.ஈ. மனோகரனிலிருந்து நித்தி கனகரத்தினத்துக்குப் போங்கள். எழுபதுகளின் யாழ்ப்பாணப் பேச்சும் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளமும் கலந்த துள்ளல் அது. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவின் 2006 ஆல்பம் 'வல்லவன்' தமிழ் ராப்பில் ஒரு திருப்புமுனை. சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018-இல் கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்து மேடையேற்றியது. சினிமாவுக்கு வெளியே பாடும் கபேர் வாசுகி போன்றவர்களுக்கு ஆள் தொகுத்த பட்டியல்கள்தான் பெரிய துணை, ஏனென்றால் அவர்களைத் தூக்கிப்பிடிக்க நாயகனோ படமோ கிடையாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி இல்லை என்பதையும் சேர்த்து யோசித்தால், நாலு பேர் தங்கள் பட்டியலில் வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று புரியும். கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் அவர்களின் ஆல்பம் விற்பனைக்கு இருந்தால் வாங்குங்கள்.

இன்னும் தூரம் போக ஆசையா? எத்தியோப்பியாவுக்குப் போங்கள். பிரெஞ்சுக்காரரான ஃபிரான்சிஸ் ஃபால்செத்தோ அந்நாட்டின் அறுபது, எழுபதுகளின் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து 1997 முதல் 'எத்தியோபிக்ஸ்' என்ற வரிசையாக வெளியிட்டார். முலாத்து அஸ்தாத்கே போன்றவர்களின் இசை எத்தியோப்பியாவுக்கு வெளியே இவ்வளவு பரவியதற்கு, ஒரே மனிதர் பொறுக்கித் தொகுத்த அந்த வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்க் காதுக்கு இதில் ஓர் ஆச்சரியமும் காத்திருக்கிறது. அங்கே 'திசிதா' என்ற முறையின் ஒரு வடிவத்தில் வரும் ஐந்து ஸ்வரங்கள் நம் மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள். கமகமும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் விதம்) நடையும் முற்றிலும் வேறு. ஒரு மோகனப் பாட்டையும் ஒரு திசிதாவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

படி 8: செயலியையும் வேலை வாங்குங்கள்

அதை ஒதுக்கத் தேவையில்லை. பட்டியல் வழியே புதிதாகக் கண்ட கலைஞரின் பாட்டுகள் நாலைந்தைச் சேமித்து, முழுதாகக் கேளுங்கள். அடுத்து அந்தப் பாட்டிலிருந்து 'ரேடியோ' போடுங்கள். அதே வட்டாரத்தில் இருக்கும் மற்றவர்களை எடுத்துத் தருவதில் செயலி கெட்டி. புது ஊருக்கு வழி காட்ட மனிதர், அந்த ஊரின் தெருக்களைச் சுற்றிக் காட்டச் செயலி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் பயன்படும்.

படி 9: ஒருவருக்காக ஒரு பட்டியல் தொகுங்கள்

நாமே தொகுக்கத் தொடங்கினால்தான் மற்றவர் தொகுப்பின் நுட்பம் பிடிபடும். 'எல்லோருக்கும்' என்று தொடங்காதீர்கள். ஒரு பெயரை நினையுங்கள்: சித்தி, அலுவலக நண்பர், வெளியூரில் படிக்கும் அக்கா மகள். அவர்களுக்கு ஏற்கெனவே என்ன பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அளவுக்குப் பழைய 60 நிமிட கேசட்டையே வைத்துக்கொள்ளலாம், 12-லிருந்து 14 பாட்டுகள்.

வரிசைக்கு நம்மிடமே ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கி, சின்னச் சின்னக் கீர்த்தனைகளால் அரங்கைச் சூடேற்றி, நடுவில் கனமான உருப்படியை வைத்து, பிறகு பதம், தில்லானா, திருப்புகழ் என்று இலகுவாக்கி, மங்களத்தில் முடிப்பது. அடுத்தடுத்து ஒரே மாதிரி ராகமோ ஒரே காலப்பிரமாணமோ (வேகமோ) வராமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடக்கம். பிளேலிஸ்ட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். முதல் பாட்டு அவருக்குத் தெரிந்ததாகவோ, தெரிந்த குரலாகவோ இருக்கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பக்கத்து வீட்டு இசையாக இருக்கட்டும். நீங்கள் உண்மையில் கேட்க வைக்க விரும்பும் கனமான, புதிய பாட்டை ஆறாவது ஏழாவது இடத்தில் வையுங்கள், அதற்குள் காது பழகியிருக்கும். அதன் பிறகு கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுங்கள்.

தோராயக் கணக்கு ஒன்று: தெரிந்தது மூன்றில் ஒரு பங்கு, புதியது இரண்டு பங்கு. எல்லாமே புதிதாக இருந்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஒரு கலைஞருக்கு ஒரு பாட்டு என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்வதும் நல்லது, அதனால் உங்களுக்கே தேட வேண்டியிருக்கும்.

பட்டியலோடு சேர்த்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதி வாட்ஸாப்பில் அனுப்புங்கள். படம், ஆண்டு, இசை, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். செயலியில் இருக்கும் பட்டியல் நிலையானதில்லை. உரிமைப் பிரச்சினையால் பாட்டுகள் திடீரென்று சாம்பல் நிறமாகி மறைந்துவிடும், சில சமயம் ஒரு நிறுவனத்தின் தொகுப்பே காணாமல் போகும். எழுத்தில் இருந்தால் வேறு இடத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றித் தர 'டியூன் மை மியூசிக்' போன்ற சேவைகள் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பாட்டுகளில் பெயர்க் குழப்பத்தால் தவறான பாட்டு வந்து உட்கார்ந்துவிடும், மாற்றியதும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அனுப்பி ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். "பிடித்ததா?" என்று கேட்டால் "சூப்பர்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பாட்டை மறுபடி போட்டீர்கள், எதைத் தாண்டினீர்கள் என்று கேளுங்கள். மறுபடி போட்ட பாட்டின் இசையமைப்பாளரிடமிருந்தோ ராகத்திலிருந்தோ அடுத்த பட்டியலைத் தொடங்குங்கள், தாண்டியதை ஆறு மாதம் கழித்து வேறு ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே அவரிடமும் உங்களுக்காக ஒரு பட்டியல் கேட்டு வாங்குங்கள்.